கேப்ஸ் லாக் விளக்கு சொல்லும் சேதி

லேப்டாப் சரிசெய்பவர்களிடம் இரண்டு சொல் புழங்கும்: ‘டெட்’, ‘நோ டிஸ்ப்ளே’. பட்டனை அமுக்கியும் எந்த அசைவும் இல்லையென்றால் டெட். உள்ளே ஏதோ ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் நோ டிஸ்ப்ளே. மூடியைத் திறந்தும் தூக்கத்திலிருந்து எழாத லேப்டாப் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும். அந்த நடுவிடத்தில்தான் கைகாரர் யார், கத்துக்குட்டி யார் என்று தெரிந்துவிடும். கத்துக்குட்டி உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார். கைகாரர் கேப்ஸ் லாக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ஒரு தட்டுக்கு நான் ரசிகன். கேப்ஸ் லாக் விளக்கைக் கீபோர்டு தானாக எரிப்பதில்லை. நாம் தட்டியது இயங்குதளம் வரை போய், அது ‘எரி’ என்று சொன்ன பிறகுதான் விளக்கு எரியும். ஆகவே விளக்கு மாறி மாறி எரிந்தால் கீபோர்டு, பிராசசர், ரேம், விண்டோஸ் எல்லாம் விழித்தாயிற்று. திரை மட்டும்தான் வரவில்லை. விளக்கு அசையவில்லை என்றால் கோளாறு இன்னும் ஆழத்தில். ஒரு செலவும் இல்லாமல், ஒரு ஸ்க்ரூவும் கழற்றாமல், பாதி நோயை ஒதுக்கியாயிற்று. (அந்த விளக்கே இல்லாமல் வரும் சில மாடல்களை வடிவமைத்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.)

டாலிகஞ்சில் இந்தக் கலைக்கு மதிப்பு கூடுதல். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் ஒரு பகுதி அது. ஐ.டி.ஐ. அங்கே இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் அந்தமான் மையமும் அங்கேதான். மாணவர், அலுவலர் என்று லேப்டாப்புக்குக் குறைவில்லை. ஆனால் மதர்போர்டோ பேட்டரியோ வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்துதான் வர வேண்டும். சென்னையிலிருந்து கப்பல் வந்துசேர மூன்று நாள் ஆகும். விமானத்தில் அனுப்பலாம் என்றால் லித்தியம் பேட்டரி ஆபத்தான சரக்குப் பட்டியலில் வந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் சந்தேகத்துக்கு ஒரு போர்டை மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றலாம். தீவில் அது நடக்காது. எதை வரவழைப்பது என்று முதலிலேயே தெரிந்தாக வேண்டும்.

தூக்கம் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் எழுப்புவதை ரசிக்க முடியும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. விதிமுறை தூக்கத்தைப் படிப்படியாக வகுத்தது. அதில் எஸ்-3 என்பதே நாம் பல காலம் பழகிய தூக்கம். பிராசசருக்கு மின்சாரம் இல்லை, திரைக்கு இல்லை, வைஃபைக்கு இல்லை. ரேமுக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகப் போகும். ரேமின் ஒவ்வொரு நுண்ணறையும் கசிந்துகொண்டே இருப்பது. வழக்கமாக 64 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை நிரப்பாவிட்டால் உள்ளே இருந்தது மறந்துபோகும். நீங்கள் பாதியில் விட்ட கடிதம் இரவு முழுக்க உயிரோடு இருப்பது இப்படித்தான்.

மூடியைத் திறந்ததும் நடப்பதுதான் கச்சேரி. சின்னக் கட்டுப்பாட்டுச் சிப் ஒன்று மின்தடங்களை வரிசையாக உயிர்ப்பிக்கிறது. பயாஸ் ‘இது புதுத் தொடக்கமில்லை, தூக்கம் கலைவது’ என்று புரிந்துகொண்டு, இயங்குதளம் தூங்குமுன் குறித்துவைத்த முகவரிக்கு நேரே தாவுகிறது. பிறகு ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தட்டி எழுப்ப வேண்டும். தேரை நிறுத்த ஒரு முட்டுக்கட்டை போதும். இங்கேயும் ஒரு டிரைவர் மக்கர் செய்தால் பின்னால் இருப்பது எல்லாம் நிற்கும். என்ன தவறு என்று திரையில் எழுதிக் காட்டலாமே என்றால், திரையே இன்னும் எழவில்லை. சாட்சி சொல்ல வேண்டிய ஆளே மயக்கத்தில் கிடக்கிறார்.

இந்தச் சிக்கலுக்கு, லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2006-ல் செய்த தந்திரத்தை நினைக்கும்போதெல்லாம் சபாஷ் போடத் தோன்றும். லினக்ஸ் கணினி எழும்போது பாதியில் உறைந்துவிடும். அணைத்துப் போட்டால் ரேமில் இருந்த தடயம் அழியும். அணைத்துப் போட்ட பிறகும் தன் மதிப்பை விடாமல் வைத்திருக்கும் பொருள் உள்ளே ஏதாவது உண்டா என்று தேடினார். ஒன்றே ஒன்றுதான் தேறியது: நேரம் காட்டும் கடிகாரச் சிப். எந்த டிரைவரை எழுப்பப் போகிறோம் என்பதை ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண்ணைத் தேதியாகவும் நேரமாகவும் வேஷம் கட்டிக் கடிகாரத்திலேயே எழுதிவிட்டார்! நூறு ஆண்டு, 12 மாதம், 28 நாள், 24 மணி, மூன்று நிமிடத்துக்கு ஒரு படி என்று வைத்தால் 1 கோடியே 61 லட்சம் எண்கள் அதில் அடங்கும். மறுபடி இயக்கியதும் லினக்ஸ் கடிகாரத்தைப் படித்து, எந்த இடத்தில் நின்றது என்று சொல்லிவிடும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் மூன்று நிமிடத்துக்குள் இயக்கியாக வேண்டும், அவ்வளவுதான். தேதி கன்னாபின்னாவென்று மாறிப்போகும், பிறகு திருத்திக்கொள்ளலாம். வேறு பொருளே இல்லாத இடத்தில் இருப்பதைக் கொண்டு காரியம் முடிப்பது தீவுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டிய பாடமில்லை.

மேஜைக்கு வருவோம். கேப்ஸ் லாக் எரிகிறது, திரை கறுப்பு. அடுத்து டார்ச். செல்போன் வெளிச்சத்தைத் திரைமேல் சாய்வாக அடித்துக் கூர்ந்து பார்த்தால் சில சமயம் எழுத்துகள் நிழல்போலத் தெரியும். தெரிந்தால் படம் வருகிறது, பின்விளக்குதான் எரியவில்லை. வெளிச்சக் குறைப்பு விசையை யாரோ கடைசிவரை அமுக்கியிருக்கலாம். டிஸ்ப்ளே கேபிள் தளர்ந்திருக்கலாம். இந்தச் சோதனைக்கு இருட்டு வேண்டும். அந்தமானில் அதற்குப் பஞ்சமில்லை, டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

நிழலும் தெரியாவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்று விசையையும் பிடித்துக்கொண்டு ‘பி’யை (B) அமுக்க வேண்டும். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் தன்னைத் தானே உதறிவிட்டு எழும். ‘பீப்’ என்று ஒரு சத்தம் வந்து திரை பளிச்சிட்டால், திறந்து வைத்திருந்த கோப்பும் பிழைத்தது. பலர் இதைத் தாண்டிப் பட்டனை நீள அமுக்கி அணைப்பதற்கே போய்விடுகிறார்கள். அது கடைசி ஆயுதம்; சேமிக்காத வேலை அத்தனையும் போகும். எதுவும் பலிக்காதபோது மட்டும் சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் அமுக்கிப் பிடிக்கலாம்.

ஊர் சேர்க்கும் கோளாறுகளும் உண்டு. அந்தமான் தீவுகள் நாட்டின் மின்தொகுப்போடு இணையவில்லை. பெரும்பகுதி மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில்தான் வருகிறது. பேட்டரி செத்த லேப்டாப்பைச் சார்ஜரிலேயே ஓட்டுகிறவர், தூங்கவைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். நடுவில் கரண்ட் ஒரு கணம் போய் வரும். ரேம் காலி. அது ‘எழ மறுக்கும்’ லேப்டாப் அல்ல, எப்போதோ அணைந்துபோன லேப்டாப். இன்னொன்று ஈரம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையும் உப்புக் காற்றும் சேர்ந்து ரேமின் தங்கப் பூச்சுக் கால்களில் மெல்லிய படலம் விடும். கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டினால் எத்தனையோ ‘நோ டிஸ்ப்ளே’ எழுந்து உட்காரும். கழற்றுமுன் பேட்டரி இணைப்பை எடுக்க மறக்கக் கூடாது.

மூடி திறந்திருந்தாலும் தூங்கிப் போகும் ரகம் தனி. மூடி மூடியதை லேப்டாப் ஒரு காந்தத்தால்தான் அறிகிறது. காந்தம் வைத்த செல்போன் உறையை உள்ளங்கை ஓரத்தில் வைத்தாலோ, ஒரு லேப்டாப்பின் மேல் இன்னொன்றை வைத்துத் திறந்தாலோ அது ஏமாந்துபோகும். இதைக் கண்டுபிடித்தவர் மேஜையைத் துடைத்துவிட்டுக் காசு கேட்கத் தயங்குவார். கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

புது லேப்டாப்புகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. விண்டோஸ் 10 காலத்திலிருந்து ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்று ஒன்று பரவி, பழைய எஸ்-3 பல மாடல்களில் காணாமல் போனது. இதில் லேப்டாப் கைபேசிபோல, திரையை அணைத்துவிட்டு உள்ளுக்குள் பாதி விழித்திருக்கும். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்று நம் ஊரில் சொல்வது இதற்குத்தான் பொருந்தும். பைக்குள்ளேயே சூடாகி, சார்ஜ் தீர்ந்து, எடுக்கும்போது எழாது. அத்தகைய லேப்டாப்புக்கு முதல் மருந்து சார்ஜரும் கால்மணி நேரப் பொறுமையும். அடுத்தது பையில் வைக்குமுன் ஹைபர்னேட் செய்யும் பழக்கம். ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுக்க அணைந்துவிடும்.

‘போர்டு போயிடுச்சு, மெயின்லேண்டிலிருந்து வரவழைக்கணும்’ என்று யாராவது சொன்னால், பணம் எடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தச் சோதனையில் தெரிந்தது? பதில் சொல்லத் தெரிந்தவரிடம் தாராளமாகக் கொடுங்கள். தெரியாதவரிடமிருந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.