கட்டப்பட்ட அறைகளும் காணப்பட்ட உண்மையும்: பன்சி சந்திரகுப்தாவின் உள்ளரங்குகள்

இயற்கையான இடத்தில் எடுக்கப்படும் காட்சியே உண்மையானது, படப்பிடிப்புத் தளத்தில் அமைக்கப்படும் அரங்கு போலியானது என்னும் கருத்து நம் திரைத் திறனாய்வில் வேரூன்றியுள்ளது. 1977-இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ தமிழ்த் திரைப்படத்தைத் தளத்திலிருந்து கிராமத்திற்கு அழைத்துச் சென்றதைப் போற்றியபொழுது இக்கருத்தையும் நாம் ஆராயாமல் ஏற்றுக்கொண்டோம். சத்யஜித் ராயின் படங்களுக்குக் கலை இயக்குநராகப் பணியாற்றிய பன்சி சந்திரகுப்தா (1924–1981) அமைத்த அறைகள் இதனை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றன.

‘ஜல்சாகர்’ (1958) படத்திற்காக முர்ஷிதாபாத் மாவட்டத்து நிம்திதாவில் ஒரு ஜமீன் மாளிகை தெரிவு செய்யப்பட்டது. தாராசங்கர் பந்தோபாத்யாய் தம் கதையை எழுதத் தூண்டுதலாக இருந்த மாளிகையே அதுவென்பது பின்னரே தெரியவந்தது. இதனினும் உண்மையான இடம் வேறு வேண்டுமோ? ஆயினும் அங்கிருந்த இசைக்கூடம் கதைக்குப் போதவில்லை. கூடத்தைத் தளத்திலேயே கட்ட வேண்டியதாயிற்று. பெரிய சரவிளக்கு, முன்னோர் ஓவியங்கள், ஜமீன்தார் தூசியைத் துடைத்துத் தம் முதுமையைக் காணும் நிலைக்கண்ணாடி ஆகிய யாவும் அங்குப் பொருள் பெறுகின்றன. (ஓவியத்தின்மேல் ஊரும் சிலந்தி சற்று மிகையே. அக்குறை அரங்கினுடையதன்று, இயக்குநருடையது.)

‘அபராஜிதோ’வில் (1956) வரும் காசி வீட்டு முற்றமும் தளத்தில் உருவானதே. மேலிருந்து மட்டும் ஒளி இறங்கும் அம்முற்றத்திற்காக ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அரங்கின்மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்தார்.

இக்கலையின் முழுமையைச் ‘சாருலதா’வில் (1964) காண்கிறோம். தாகூரின் ‘நஷ்டநீட்’ கதையைத் தழுவிய இப்படம் 1879-ஆம் ஆண்டையொட்டிய கல்கத்தாவில் நிகழ்கிறது. உள்காட்சிகளுள் ஒன்றுகூட உண்மையான வீட்டில் எடுக்கப்படவில்லை. சுவர்த்தாள், ஆங்கிலேய பாணி அறைகலன்கள், புத்தக அலமாரிகள் என அறைகள் நிறைந்திருக்கின்றன. நிறைந்திருப்பவை யாவும் கணவன் பூபதியின் செல்வமும் அவனது மேனாட்டுக் கல்வியுமே. அவற்றிடையே சாருவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. தொடக்கக் காட்சியில் அவள் கைப்பிடியுள்ள கண்ணாடியை எடுத்துக்கொண்டு, தெருவில் செல்லும் ஒருவரைச் சன்னல் சன்னலாகப் பின்தொடர்ந்து பார்க்கிறாள். சன்னல்களின் வரிசையே அவளது நடையை வகுக்கிறது. சுவரைக் கழற்றிவிட்டுக் கேமரா பின்வாங்கக்கூடிய அரங்கில்தான் அவளது தனிமையை இவ்வளவு நெருங்கித் தொடர்தல் எளிதாகும். சற்றுப் பின்னர்ப் புத்தகத்தில் ஆழ்ந்தவனாய்ப் பூபதி தாழ்வாரத்தில் அவளைக் கடந்து செல்கிறான், அவளைக் காணாமலே. அவள் அதே கண்ணாடியால் அவனையும் பார்க்கிறாள். தெருவினனும் கணவனும் ஒரே தொலைவிலாகிவிடுகின்றனர். உரையாடல் ஏதுமின்றி இதனை நமக்கு உணர்த்துவது அவ்வீட்டின் அமைப்பே.

இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் ராயையும் நடிகை மாதவி முகர்ஜியையும் பாராட்டிவிட்டு, அரங்கினைப் ‘பின்புலம்’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றனர். இறுதியில் கணவனும் மனைவியும் நீட்டிய கைகள் இணையாமலே வாயிலில் காட்சி உறைந்து நிற்கிறது. அவர்களுக்கு அப்பால் நீளும் தாழ்வாரத்தையும் சந்திரகுப்தாவே கட்டினார்.