1975-இல் வந்த இரண்டு க்ரீம்கள்

போன மாசம் சித்தி பொண்ணு வாட்ஸப்பில் ஒரு ட்யூப் படம் அனுப்பியிருந்தா. "அண்ணா, அஞ்சு மாசமா இதைத்தான் போடுறேன். மங்கு போயிடுச்சு. ஆனா ரெண்டு நாள் நிறுத்தினா மூஞ்சி எரியுது, செவந்து போகுது. என்ன பண்ண?" மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்திருக்காங்க. பின்பக்கம் சின்ன எழுத்தில் மூணு பேர் இருந்தது: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன்.

நான் டாக்டர் இல்லை. இந்த மூணும் ஏன் ஒரே ட்யூபில் இருக்கு என்று தேடிப் போனேன். தேடல் 1975-இல் போய் நின்றது.

அந்த வருஷம் அமெரிக்காவில் ஆல்பர்ட் கிளிக்மன், ஐசக் வில்லிஸ் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 5% ஹைட்ரோகுவினோன், 0.1% ட்ரெட்டினாயின், 0.1% டெக்ஸாமெத்தசோன், இவை மூன்றும் சேர்ந்த கலவை. முதலாவது, மெலனின் தயாராகத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியைத் தடுக்கும். இரண்டாவது, மேல்தோல் செல்கள் சீக்கிரம் உதிர்ந்து புதுப்பிக்க உதவும். இந்த இரண்டும் தோலை எரிய வைக்கும். அந்த எரிச்சலை அடக்கத்தான் மூன்றாவதான ஸ்டீராய்டு. ரசாயனமாகப் பார்த்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடு. இன்றைக்கும் மங்குக்கு டாக்டர்கள் எழுதும் முக்கூட்டு க்ரீம்களுக்கு இதுதான் மூதாதை.

என் விமர்சனம் கட்டுரையின் தலைப்பிலேயே ஆரம்பிக்கிறது. மங்குக்கு மருந்து என்று தலைப்பு சொல்லவில்லை, மனிதத் தோலை நிறம் நீக்கப் புதிய கலவை என்று சொல்கிறது. உள்ளேயும் அப்படித்தான். மங்கு, பரு ஆறின பிறகு வரும் கருமை எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கூடவே எந்த நோயும் இல்லாத கறுப்பினத்தவரின் சாதாரணத் தோலிலும் போட்டு, சில வாரங்களில் நிறம் போனதைச் சாதனையாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நோயால் வந்த கருமையும் பிறவி நிறமும் ஒரே தட்டில் வைக்கப்பட்டுவிட்டன.

அதே 1975-இல்தான் நம்ம ஊரில் ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்தது. இது அந்தக் கலவை இல்லை, ஸ்டீராய்டும் கிடையாது. இதில் பேசப்பட்ட பொருள் நியாசினமைடு. அதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு: 2002-இல் பி அண்ட் ஜி ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, மெலனின் பொதிகள் பக்கத்துச் செல்களுக்குப் போவதை நியாசினமைடு குறைக்கிறது. 5% நியாசினமைடு க்ரீமை 18 பேரிடம் சோதித்ததில், திட்டுகள் ஓரளவு குறைந்தன. கவனிக்கணும்: திட்டுகள், அதுவும் ஓரளவு. விளம்பரத்தில் வந்ததோ கறுப்பாக இருந்த பெண் சிவப்பாகி வேலையும் மாப்பிள்ளையும் கிடைக்கிற கதை.

2020-இல் பேர் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. "ஃபேர்" போனது நல்லதுதான். ஆனால் இன்று கடை அலமாரியைப் பாருங்கள். "கரும்புள்ளி", "சீரான நிறம்", "பளபளப்பு". என் தொழில் பாஷையில் சொன்னால், மாறியது வேரியபிளின் பெயர் மட்டும், ஃபங்க்ஷன் அப்படியே இருக்கு. "சீரற்ற நிறம்" என்பது வியாதியின் பெயரே இல்லை. வெயில் படும் முகம், படாத கையைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருப்பது தோல் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம்.

இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. அமெரிக்காவில் 2002-இல் அனுமதி பெற்ற முக்கூட்டு க்ரீமில் இருப்பது வீரியம் குறைந்த ஸ்டீராய்டு. அதையும் மங்குக்கு மட்டும், 8 வாரம் வரை என்றுதான் அனுமதித்தார்கள். இங்கே அதைவிட வீரியமான மொமெட்டசோன் போட்டு, முகப்பொலிவு க்ரீம் மாதிரி விற்கிறோம். 2011-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 126 பேர் போட்டது சிவப்பழகுக்கோ, பொதுவான முக க்ரீமாகவோ, ஷேவ் செய்த பிறகு தடவவோதான். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னது டாக்டர் இல்லை.

இதில் பொறி என்னவென்றால், க்ரீம் முதலில் நிஜமாகவே வேலை செய்கிறது. அதனால்தான் விடமாட்டார்கள். மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பரு வருகிறது. நிறுத்தினால் எரிகிறது. எரிச்சல் அடங்க மறுபடி அதே ட்யூப். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் ஹெச்-இல் சேர்த்து, சீட்டு கட்டாயம் என்றது. சட்டம் இருக்கு, கேட்கிற கடைக்காரர்தான் குறைவு.

இயற்கை வைத்தியம் என்று எலுமிச்சை தேய்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து போய், அதுவே புதுக் கருந்திட்டாக மாறலாம்.

அப்போ என்னதான் செய்வது? முதலில் எந்தக் கருமை என்று தெரியணும். பரு ஆறின தழும்பு, பருவை அடக்கினால் மாதங்களில் தானாக மங்கும். கழுத்தில் வெல்வெட் மாதிரி தடித்த கருப்பு என்றால் தேய்க்காதீர்கள், சர்க்கரை பரிசோதனை செய்யுங்கள். மங்கு திரும்பத் திரும்ப வரும். அதற்கு வெயில் காப்பு இல்லாமல் எந்த மருந்தும் நிற்காது. எஸ்.பி.எஃப். எண் புற ஊதாக் கதிரைப் பற்றித்தான் பேசுகிறது. நம் மாதிரித் தோலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருக்க வைக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் கூடுதலாக உதவும்.

சித்தி பொண்ணுக்கு நான் சொன்னது ரெண்டே விஷயம். ட்யூபை எடுத்துக்கிட்டு தோல் டாக்டரைப் பாரு, எப்படிப் படிப்படியா நிறுத்தணும்னு அவர் சொல்வார். இன்னொண்ணு, அவ அனுப்பின பழைய போட்டோவைத் திரும்பப் பார்த்தேன். கன்னத்தில் ரெண்டு திட்டு இருந்தது உண்மை. மீதி முகம் எங்க பாட்டியோட நிறம். அதுக்கு வைத்தியம் தேவைப்படலை.