சிப்காட் லைன் வீட்டில் ஒரு பலகாரம்

கிறிஸ்துமஸுக்கு விடுமுறை ஒரு நாள்தான். ராஞ்சிக்கு ரயிலில் போய்வரவே மூன்று நாளாகிவிடும். அதனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் புதிதாக வேலைக்கு வரும் ஜார்க்கண்ட் இளைஞர்கள் பலருக்கு அந்த வருடப் பண்டிகை லைன் வீட்டில்தான். ஜெர்மனியின் கோஸ்னர் மிஷனரிகள் 1845-இல் ராஞ்சிக்கு வந்த பிறகு அங்குள்ள முண்டா, ஒராவோன் பழங்குடி மக்களிடையே கிறிஸ்தவம் வேரூன்றியது. அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரம் அர்சா.

செய்முறையைக் கேளுங்கள்: பச்சரிசியை ஊறவைத்து, ஈரம் முழுதும் போகுமுன் இடித்து, வெல்லப் பாகில் கிளறி, எண்ணெயில் பொரிப்பது. நம் அதிரசமேதான்! உயிர் பாகில் இருக்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல், விரலில் மெத்தென்று உருண்டு வர வேண்டும். பதம் குறைந்தால் எண்ணெயில் பிரிந்துபோகும்; மிஞ்சினால் கல்லாகிவிடும். சுட்டதை இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடித்தால், ஓரம் மொறுமொறு, நடு மெதுமெது. அரிசியும் வெல்லமும் சேர்ந்து இதைவிட உயர்ந்த ஒன்றைத் தந்ததில்லை என்பேன்.

திருவள்ளூர்ப் பக்கத்துக்காரர்களே, இந்த டிசம்பரில் அதிரசம் சுட்டால் பக்கத்து லைன் வீட்டுக்கும் ஒரு தட்டு கொடுத்தனுப்புங்கள்.