தீர்ப்பிடும் ஓவியன்

வீடியோ விளையாட்டு என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்பர். தேர்வுக் காலத்தில் பிள்ளைகளின் நேரத்தைத் தின்னும் பூதம் என்பதே நம் இல்லங்களில் அதற்குரிய பெயர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஒரு நாவலையோ திரைப்படத்தையோ எடைபோடுவது போல எடைபோடத்தக்க படைப்புகள் அத்துறையிலும் தோன்றியிருக்கின்றன. சில வாரங்களாக நான் இரண்டாம் முறையாக ஆடிவரும் 'பென்டிமென்ட்' அத்தகையது. கத்தோலிக்க வாசகர் அதைப் பற்றி அறிந்திருப்பது நல்லது என்றே கருதுகிறேன். ஏனெனில் அதன் களமே ஒரு துறவுமடம்.

2022 நவம்பரில் அமெரிக்காவின் ஒப்சிடியன் நிறுவனம் இதை உருவாக்கி அளித்தது. இயக்கியவர் ஜோஷ் சாயர். கல்லூரியில் வரலாறு பயின்றவர். நூற்றுக்கணக்கானோர் உழைத்துப் பெருஞ்செலவில் எழுப்பும் விளையாட்டுகளுக்கு நடுவே, ஏறத்தாழ 13 பேர் கொண்ட சிறு குழுவின் உழைப்பு இது. இதில் துப்பாக்கி இல்லை, பந்தயம் இல்லை, வென்றெடுக்கும் புள்ளிகளும் இல்லை. நடக்கலாம், பேசலாம், உண்ணலாம், கேட்கலாம். உரிய வேளை வரும்போது ஒருவர்மீது குற்றம் சாட்டலாம்.

விளையாட்டின் முதற்காட்சியே ஓர் ஏட்டை அழிப்பதுதான். பழைய தோலேட்டில் எழுதியிருப்பதை ஆடுபவரே கல்லால் தேய்த்து நீக்குகிறார். அதன்மேல் புதுக்கதை எழுதப்படுகிறது. 'பென்டிமென்ட்டோ' என்னும் இத்தாலியச் சொல்லுக்கு மனம் வருந்துதல் என்பது பொருள். ஓவியர் முதலில் தீட்டியதை மாற்றி அதன்மேல் வேறொன்றைத் தீட்டிய பின்னும், ஆண்டுகள் செல்லச்செல்ல மேற்பூச்சின் அடியிலிருந்து பழைய கோடு எட்டிப் பார்ப்பதை ஓவியக் கலையில் அச்சொல்லால் குறிப்பர். 'உத்தம மனஸ்தாப மந்திரம்' சொல்லி வளர்ந்த நமக்கு இந்தச் சொல்லின் உட்பொருளை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கதை 1518-இல் தொடங்குகிறது. லூத்தர் தம் 95 கருத்துரைகளை வெளியிட்டு ஓராண்டுகூட நிறையவில்லை. பவேரியாவில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், டாசிங் என்னும் கற்பனை ஊர். அதன் அருகே கீர்சாவ் என்னும், அதுவும் கற்பனையான, புனித ஆசீர்வாதப்பர் சபை மடம். துறவியரும் அருட்சகோதரியரும் ஒரே வளாகத்தில் வாழும் இரட்டை மடம் அது. அக்காலத்திலேயே அரிதாகிவிட்ட அமைப்பு. மடத்தின் ஏடெழுதும் கூடத்தில் நியூரம்பெர்க் நகரத்து இளம் ஓவியனான அந்திரேயாஸ் மாலர் பணிபுரிகிறான். இந்நிலையில் மடத்திற்கு வந்த லோரென்ஸ் பிரபு கொல்லப்படுகிறார். உடலருகே கத்தியோடு காணப்படுபவர் சகோதரர் பியரோ. அந்திரேயாசின் அன்புக்குரிய முதிய ஓவியத் துறவி. அவர் கொலை செய்பவர் அல்லர் என்று அந்திரேயாஸ் உறுதியாக நம்புகிறான். ஆனால் விசாரிக்க வரும் திருச்சபை அதிகாரிக்கு யாரேனும் ஒருவர் வேண்டும்.

இந்த இடத்தில்தான் படைப்பு தன் முழு வலிமையையும் காட்டுகிறது. மடத்தின் துணைத் தலைவர், ஓர் அருட்சகோதரி, ஒரு கொத்தனார், ஒரு முதிய விதவை ஆகிய நால்வர்மீதும் ஐயம் கொள்ள இடமிருக்கிறது. நால்வரையும் முழுமையாக விசாரிக்க நேரம் போதாது. ஒரு வீட்டில் விருந்துண்ண அமர்ந்தால் இன்னொரு கதவு அன்றைக்கு மூடிக்கொள்கிறது. அரைகுறைச் சான்றுகளோடு விசாரணை நாள் வந்து நிற்கிறது. ஆடுபவர் யாரை நோக்கி விரல் நீட்டினாலும், அவர் ஊரார் கண்முன்னே தண்டிக்கப்படுகிறார்.

அந்த விதவையின் பெயர் ஒட்டிலியா. கணவரை இழந்து தனித்திருப்பவர். வீடு மடத்தின் கைக்குப் போய்விடும் நிலை. திருச்சபையின்மீது கசப்பு நிறைந்த நெஞ்சு, நாவும் அப்படியே. ஆடுபவரின் மனத்தில் ஓர் எண்ணம் மெல்ல நுழையும்படி விளையாட்டு அவரை நம்முன் நிறுத்துகிறது: 'இவருக்கு இன்னும் எத்தனை நாள்? அழுவதற்கும் யாருமில்லையே!' இது கயபாவின் கணக்கு. ஒருவர் போனால் மற்றவர் பிழைப்பர் என்ற அந்தக் கணக்கைத் தவக்காலந்தோறும் வாசகத்தில் கேட்டுப் பழகிய நாம், அதைக் கயவன் ஒருவனின் சொல்லாக மட்டும் எண்ணிக் கடந்துவிடுகிறோம். நல்லெண்ணத்தோடும் இரக்கத்தோடும், ஒரு நண்பரைக் காக்கும் நோக்கத்தோடும் அதே கணக்கைப் போட முடியும் என்பதைத் திரைமுன் அமர்ந்திருக்கும்போது அறிகிறோம். மறையுரைகள் பல செய்யாத வேலை இது!

முதன்முறை ஆடியபோது ஒருவரையும் இம்முறை இன்னொருவரையும் காட்டினேன். இரு முறையும் விளையாட்டு ஒரே மௌனத்தையே பதிலாகத் தந்தது. துப்பறியும் கதைகளில் இறுதி அத்தியாயம் ஓர் ஆறுதல். உண்மை வெளியாகும், ஐயம் தீரும், வாசகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவார். இங்கே கத்தி ஏந்திய கை எவருடையது என்பது ஐயமற உறுதி செய்யப்படுவதே இல்லை. சிலருக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். எனக்கு இதுவே இப்படைப்பின் நேர்மையாகப் படுகிறது. தீர்ப்பை நம் கையில் கொடுத்துவிட்டு, 'நீ செய்தது சரி' என்ற சான்றிதழை அது தர மறுக்கிறது. ஏழு ஆண்டுகள் கழித்து அந்திரேயாஸ் அதே ஊருக்குத் திரும்பும்போது, அந்தத் தண்டனையை ஊர் மறந்திருக்கவில்லை. அவனும் மகனை இழந்த துயரத்தைச் சுமந்து வருகிறான்.

கலைநுட்பத்தில் என்னை மிகவும் கவர்ந்தவை எழுத்துகள். விளையாட்டில் எவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை; பேச்சு முழுவதும் எழுத்தாகவே மலர்கிறது. துறவியர் பேசினால் மடத்து ஏடுகளின் கனத்த கோண எழுத்து. உழவர் பேசினால் ஒழுங்கற்ற கையெழுத்து. அச்சுக்காரர் குடும்பம் பேசினால் அச்செழுத்துகளைக் கோத்துப் பதிக்கும் ஓசையோடு அச்சு வரிகள். சினம் மூண்டால் மை தெறிக்கிறது. பிழையாக எழுதிய சொல் அழிந்து திருத்தமாகிறது. எவருக்கு எந்த எழுத்து என்பது அந்திரேயாஸ் அவரைப் பற்றிக் கொண்டிருக்கும் மதிப்பீட்டைப் பொறுத்தது. எளியவர் என்று எண்ணியவர் கற்றவர் எனத் தெரியவந்தால் எழுத்து மாறிவிடும். அதாவது, பிறரை நாம் எடைபோடும் விதமே கண்ணுக்குத் தெரியும் பொருளாகிறது. இறைவனின் பெயர் வருமிடத்திலோ முதலில் வெற்றிடம் விடப்படுகிறது. மற்றச் சொற்கள் எழுதி முடிந்தபின் அப்பெயர் சிவப்பு மையில் நிரம்புகிறது. திருப்பலிப் புத்தகத்தின் சிவப்பு எழுத்துகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதைக் காண்பது ஒரு சிறு மகிழ்ச்சி. (கதையின் மூன்றாம் பகுதி நிகழ்வது 1543-இல், அதற்கு 35 ஆண்டுகளுக்குப் பின், 1578-இல், அன்றிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. அச்சுக்காரர் மகள் மக்தலேனாவின் பேச்சைப் படிக்கும்போதெல்லாம் அந்த நினைவு வந்தது.)

உணவு மேசைக் காட்சிகளையும் சொல்ல வேண்டும். எவர் வீட்டில் உண்பது என்று ஆடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். தட்டிலிருக்கும் ரொட்டியையோ பாலாடைக் கட்டியையோ ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க உரையாடல் நகர்கிறது. செல்வர் வீட்டு மேசைக்கும் உழவர் வீட்டு மேசைக்கும் உள்ள வேறுபாட்டை எவரும் விளக்குவதில்லை, கண்ணே கண்டுகொள்கிறது. 1525-இல் மடாதிபதி வரியை ஏற்றும்போது ஊர் ஏன் கொதிக்கிறது என்பது அந்த மேசைகளை நினைத்தாலே விளங்கும். அவ்வாண்டு உழவர்கள் மெம்மிங்கென் நகரில் 12 கோரிக்கைகளை வகுத்ததும், எழுச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டதும் வரலாறு. மடத்தின்மீது அவர்கள் கொண்ட சினம் விசுவாசத்தின்மீது கொண்ட சினமன்று என்பதைப் படைப்பு நுட்பமாகக் காட்டுகிறது. செபமாலையும் கையுமாகவே அவர்கள் மடத்தை எதிர்க்கிறார்கள்.

குறைகள் உண்டு. மூன்றாம் பகுதி தளர்ந்து நகர்கிறது. ஊரைச் சுற்றிச் சுற்றி நடப்பதே வேலையாகிவிடுகிறது. வாசிப்பு மிகுதி, ஆங்கிலமும் எளிதன்று. பழைய எழுத்துகள் கண்ணை வருத்தினால் எளிய எழுத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருப்பது நன்று. கொலையும் தண்டனையும் வருவதால் சிறு பிள்ளைகளுக்கு உகந்ததன்று.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை வேறொன்று. ஊர் போற்றும் புனிதர்களின் மரபுகளுக்கு அடியில் உரோமைத் தெய்வங்களின் தடயங்கள் இருப்பதாகக் கதை காட்டுகிறது. அவ்வுண்மை வெளிப்பட்டால் விசுவாசமே சரிந்துவிடும் என்ற அச்சம் கதையின் பின்பாதியை இயக்குகிறது. யாருடைய அச்சம் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு தனிமனிதரின் அச்சமாக அது நம்பத்தக்கதே. திருச்சபை முழுவதுமே அப்படி அஞ்சி மறைத்தது போன்ற சாயலைப் படைப்பு தந்துவிடுவதைத்தான் ஏற்க இயலவில்லை. 601-இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார், இங்கிலாந்துக்குச் செல்லும் மெல்லித்துசுக்கு எழுதிய மடலில், பழைய கோவில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றிக் கட்டடங்களை மந்திரித்துப் பயன்படுத்துங்கள் என்று வெளிப்படையாகவே அறிவுறுத்தினார். சில ஆண்டுகளில், 609 அளவில், உரோமை நகரின் பாந்தியோன் அன்னை மரியாவுக்கும் மறைசாட்சியருக்கும் நேர்ந்தளிக்கப்பட்டது. அங்கே இன்றும் திருப்பலி நடைபெறுகிறது. முகப்பில் அக்ரிப்பாவின் பெயரும் பெரிய எழுத்துகளில் அப்படியே நிற்கிறது.