வெனிலா யாருக்கு?

ஹூஸ்டனிலிருந்து லீவுக்கு வந்த பெரியப்பா மகன் சூட்கேஸைத் திறந்தார். வழக்கமான பாதாம், சாக்லேட், வைட்டமின் மாத்திரை டப்பாக்களுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பையை உருவி, என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"டேய், கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாரு."

மூடினேன். நங்கநல்லூர் மொட்டை மாடி. 1983. ஈஸிசேரில் பெரியப்பா. சரக்குக் கப்பலில் இன்ஜினீயராக உலகம் சுற்றிவிட்டு வருஷத்துக்கு மூன்று மாசம் வீட்டில் இருப்பவர். கையில் பைப். அதிலிருந்து கிளம்பும் புகையைச் சுற்றி நாங்கள் ஐந்தாறு வாண்டுகள், ஐஸ்கிரீம் வண்டியைச் சுற்றி நிற்கிற மாதிரி நிற்போம். "இன்னொரு தடவை விடுங்க பெரியப்பா!" அவரும் விடுவார்.

"அதேதான் அண்ணா" என்றேன். குரல் கொஞ்சம் மாறித்தான் போயிற்று.

பையின் பெயர் கேப்டன் பிளாக். லேன் லிமிடெட் என்ற அமெரிக்க நிறுவனம் 1970-களில் கொண்டுவந்த சரக்கு. 2011-ல் அந்த நிறுவனத்தை டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்காண்டிநேவியன் டொபாக்கோ குரூப் வாங்கிவிட்டது. ஒரு பையில் 42.5 கிராம், அதாவது ஒன்றரை அவுன்ஸ். பைப் பிடிக்காதவர்களுக்குக்கூட 'பைப் வாசனை' என்றதும் மூக்கில் வருகிறதே ஒன்று, கிட்டத்தட்ட அது இதுதான். (நம் சட்டப்படி புகையிலைக்கு விளம்பரம் கூடாது. இதை விளம்பரம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து கடைசிவரை படிக்கவும்.)

அண்ணா கூடவே இரண்டு பைப்புகளும் கொண்டுவந்திருந்தார். ஒன்று பெரியப்பாவின் பழைய பிரையர் பைப். மத்தியதரைக் கடல் பக்கத்துப் புதர்ச்செடி ஒன்றின் வேர்முண்டில் கடைந்தது. இன்னொன்று புத்தம் புதிய மக்காச்சோளக் கட்டை பைப். மிசௌரி மாநிலத்தில் வாஷிங்டன் என்கிற சின்ன ஊரில் 1869-லிருந்து இதைச் செய்துவருகிறார்கள். சோளத்தைச் சாப்பிட்டுவிட்டு நாம் மாட்டுக்குப் போடுகிற அதே கட்டைதான். அமெரிக்காக்காரன் அதையும் காசாக்கிவிட்டான். ருசி பார்க்க இதுதான் சரி. பிரையரில் முப்பது வருஷப் பழைய புகை ஊறிக்கிடக்கும். புதுசாக எதைப் போட்டாலும் பழசு எட்டிப் பார்க்கும். பைப்காரர்கள் இதைப் பேய் என்றே சொல்கிறார்கள்.

ஒரு வாக்குமூலம். நான் சிகரெட்டை விட்டுப் பதினொரு வருஷம் ஆகிறது. "சினிமா பார்க்காம விமர்சனம் எழுத முடியுமா?" என்று மனைவியிடம் வாதாடிப் பார்த்தேன். "எழுதறவங்க இருக்காங்களே" என்றாள். கடைசியில், மொட்டை மாடியில், மூன்றே மூன்று தடவை, அதுவும் பையன் டியூஷன் போன பிறகு என்று உடன்பாடு கையெழுத்தாயிற்று.

முதலில் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மூன்று இலைகள். ஒன்று பர்லி. கென்டக்கி, டென்னசி பக்கம் கொட்டகையில் காற்றில் தொங்கவிட்டுக் காயவைப்பது. 1864-ல் ஒஹையோவில் ஒரு தோட்டத்தில் வெளிறிய நிறத்தில் சில நாற்றுகள் முளைத்தன. ஏதோ சீக்கு என்று முதலில் நினைத்தார்கள். பிறகு பார்த்தால், அந்த இலை எதை ஊற்றினாலும் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டது. தனக்கென்று சர்க்கரை கிடையாது, ஆனால் கொடுத்த சர்க்கரையை விடாது. அதன் பரம்பரைதான் இன்றைய பர்லி. இரண்டாவது வர்ஜீனியா. சூடேற்றிய அறையில் பதப்படுத்துவதால் இயல்பான இனிப்பு தங்கிவிடும். நம் ஆந்திராவில் பிரகாசம் மாவட்டத்தில் விளைவதும் இந்த ரகம்தான். மூன்றாவது, கறுப்பாக எண்ணெய் தடவினாற்போல் மின்னுகிறதே, அது பிளாக் கேவண்டிஷ். இது இலையின் ஜாதிப் பெயர் கிடையாது, செய்முறையின் பெயர். ஆவியில் வேகவைத்து, அழுத்தி, கறுக்கவைப்பார்கள்.

இதற்கு மேல்தான் சமையல். முதல் கட்டத்தில் சர்க்கரை, அதிமதுரம், கோகோ போன்றவற்றில் இலையை ஊறவைப்பது தொழில் வழக்கம். அதற்குக் கேசிங் என்று பெயர். வெட்டி, காய வைத்து, கடைசியில் உருளும் டிரம்மில் போட்டு வாசனைத் திரவத்தைத் தெளிப்பார்கள். இது டாப்பிங். இந்தப் பையில் வெனிலா. ஈரம் போகாமலிருக்க ப்ரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவமும் இந்த வகைக் கலவைகளில் சகஜம். அதனால்தான் மாதக் கணக்கில் திறந்து திறந்து மூடினாலும் புதுசாகவே இருக்கிறது. ஹூக்கா புகையிலையில் வெல்லப்பாகைக் கலந்த நம்மவர்களுக்கு இதெல்லாம் புரியாத வித்தையில்லை.

சரி, பற்றவைப்போம்.

பைப்பை நிரப்புவதற்கு ஒரு பாரம்பரிய சூத்திரம் உண்டு. அடியில் குழந்தையின் கை, நடுவில் பெண்ணின் கை, மேலே ஆணின் கை. அதாவது அடியில் லேசாக, மேலே போகப் போக அழுத்தமாக. "அடியில குழந்தையா? நல்லா இருக்கு உங்க சூத்திரம்" என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது.

முதல் ஐந்து நிமிஷம் பிரமாதம். வெனிலா இருக்கிறது. பால்கோவா கிண்டும்போது அடிப்பிடிக்கும் முன் வருமே, அந்த இடத்தை அது தொடுகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாகு முறுகுகிறது. பத்தாவது நிமிஷத்தில் வெனிலா விடைபெற்றுவிட்டது. இருபதாவது நிமிஷத்தில் என் வாயில் இருந்தது சூடான காற்றும், நனைந்த அட்டைப்பெட்டியின் நினைவும். கடைசியில் அடியில் தேங்கிய ஈரக் கசடு நாக்கில் பட்டது. கஷாயம். மொத்தம் முப்பத்தைந்து நிமிஷம், ஒன்பது தீக்குச்சி. சிகரெட் பழக்கத்தில் அவசர அவசரமாக இழுத்ததில் நாக்கு நுனி வெந்துபோனது. அது என் தப்பு. ஈர இலையை வேகமாக இழுத்தால் புகையோடு நீராவியும் வரும். இட்லிப் பானையை யாரும் முத்தமிடக் கூடாது.

இரண்டாவது தடவை ஜாக்கிரதையாக இருந்தேன். இலையைப் பழைய பேப்பரில் பரப்பி ஒரு மணி நேரம் காற்றாட விட்டேன். (பெரிதாகக் காயவில்லை. கிளைக்காலின் விசுவாசம்.) மெல்ல, மூச்சுவிடுகிற மாதிரி இழுத்தேன். நாக்கு தப்பியது. ருசி மட்டும் அதே கதைதான்.

ஆனால் இங்கேதான் விஷயம். நான் அட்டைப்பெட்டியை மென்றுகொண்டிருந்த அதே நேரம், பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த மாமி எட்டிப் பார்த்துக் கேட்டார்: "என்ன, உங்காத்துல கேக் பண்றேளா?"

பைப் புகையிலையைத் தரம் பிரிப்பவர்கள் ருசிக்கு ஒரு மார்க், வலிமைக்கு ஒரு மார்க் போடுவதோடு, அறையில் பரவும் வாசனைக்கென்று தனியாக ஒரு மார்க் போடுகிறார்கள். சாப்பாட்டு விமர்சனத்தில் இப்படி ஒரு பத்தி உண்டா? 'பக்கத்து டேபிள்காரருக்கு எப்படி இருந்தது' என்று ஓட்டலில் யாராவது மார்க் போடுவார்களா? பைப்பில் போட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு சரக்கு. கனலின் சூடு ஐந்நூறு டிகிரியைத் தாண்டும். அதில் அகப்பட்ட வெனிலா கருகித்தான் போகும். கனலுக்குச் சற்றுத் தள்ளி, மிதமான சூட்டில் ஆவியாகிறதே, அது மட்டும் பிழைத்துக் காற்றில் கலக்கும். பிடிப்பவரின் மூக்கோ சில நிமிஷத்தில் அதற்குப் பழகி மரத்துவிடும். ஊதுபத்திக் கடைக்காரருக்கு ஊதுபத்தி மணக்காத மாதிரி.

பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்? வரவு செலவு போட்டுப் பார்த்தேன். பணம், நாக்கு, நுரையீரல், தீக்குச்சி எல்லாம் ஒருவர் கணக்கில் பற்று. வாசனை மட்டும் ஊர்க்காரர் கணக்கில் வரவு. இப்படி ஒரு கணக்கை எந்த ஆடிட்டரும் பாஸ் செய்ய மாட்டார்.

இதற்கு நேர் எதிர்க் கட்சியும் உண்டு. லட்டாக்கியா என்று ஒரு இலை. சிரியாவின் துறைமுகத்துப் பெயர். சைப்ரஸிலும் விளைவித்தார்கள். விறகுப் புகையில் பதப்படுத்துவது. போட்டோகிராபர் நண்பர் ஒருவர் ஒரு முறை அதைப் பற்றவைத்துக் கண்களைச் செருகிக்கொண்டு 'ஆஹா' என்றார். அறையிலிருந்த மற்ற நான்கு பேரும் எங்கே டயர் எரிகிறது என்று ஜன்னல் வழியாகத் தேடினோம். அந்த மனிதர் காசு கொடுத்ததை அவரே அனுபவித்தார். அந்த அளவில் அது நேர்மையான புகையிலை. அதை எந்தக் குழந்தையும் சுற்றி நின்று 'இன்னொரு தடவை' என்று கேட்காது.

கேப்டன் பிளாக் மோசமான தயாரிப்பா என்றால், சத்தியமாக இல்லை. வெட்டு ஒரே சீர். சுலபமாகப் பற்றுகிறது. சாது. பெரியப்பா காலத்து வாசனை இன்றும் அச்சு அசலாக இருக்கிறது என்பதே பெரிய தொழில் ஒழுங்கு. வாசனைத் திரவியம் என்று பார்த்தால் முதல் வகுப்பு. வாயில் வைக்கும் பொருளாகப் பார்த்தால் பார்டரில் பாஸ். என் சண்டை அதன் தரத்தோடு இல்லை. அந்த வாசனைக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பதோடுதான். வீட்டில் உள்ளவர்கள் முகம் சுளிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. சிகரெட் என்றால் பெரியம்மா அன்றே வாசலுக்குத் துரத்தியிருப்பார். இதற்கு ஈஸிசேர் போட்டுக் கொடுத்தார்.

"இது சிகரெட் இல்லடா, புகையை உள்ளே இழுக்கறதில்லை" என்பார் பெரியப்பா. அன்றைய படித்த மனிதர்கள் பலரும் நம்பியது அது. 1964-ல் வந்த அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் அறிக்கைகூட பைப் பிடிப்பவர்களைக் கிட்டத்தட்ட மன்னித்துவிட்டிருந்தது. ஆனால் உதட்டுப் புற்றுநோய்க்குப் பைப் காரணம் என்று அதே அறிக்கையில் இருந்ததை யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. 2004-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் பெரிய ஆய்வு வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தது. பைப் மட்டுமே பிடித்தவர்கள் நுரையீரல் புற்றுநோயில் இறக்கும் வாய்ப்பு, புகையிலையே தொடாதவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு. வாய், தொண்டை, குரல்வளை எல்லாம் பட்டியலில் உண்டு. 2009-ல் அமெரிக்கா சிகரெட்டில் வெனிலா, பழ வாசனைகளைத் தடை செய்தது, சின்னப் பிள்ளைகளை இழுக்கிறது என்று. பைப் புகையிலையை அந்தத் தடை தொடவில்லை. தாத்தாக்கள் சமாசாரம் என்று விட்டுவிட்டார்கள் போல. தாத்தாக்களைச் சுற்றி யார் நிற்பார்கள் என்று யோசிக்கவில்லை.

பெரியப்பாவுக்கு 1991-ல் நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். அன்றே நிறுத்தினார். திட்டு போயிற்று. அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் இருந்தார், போனது வேறு காரணத்தால். அதிர்ஷ்டம்தான். அதிர்ஷ்டத்தை வருமானமாக எழுதக் கூடாது என்று கணக்குப் பாடத்தின் முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள்.

நிறுத்திய இரண்டாவது மாசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்தி, பெரியம்மாவிடம், "என்ன இது, இன்னிக்குக் குழம்புல உப்பு இவ்வளவு?" என்றாராம். பெரியம்மா சொன்ன பதில்: "இருபது வருஷமா இவ்வளவுதான் போடறேன். நீங்கதான் தினம் மேல போட்டுக்குவீங்க."

அந்த நாட்களில் ஒரு தடவை நான் கேட்டேன், "அந்த வாசனை இல்லாம கஷ்டமா இல்லையா பெரியப்பா?" கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பதிலை அப்போது சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. "வாசனையா? அது உங்களுக்குத்தானேடா வந்துது. எனக்கு வாயில சூடுதான். கையில புடிச்சுக்க ஒண்ணு வேணும், அவ்வளவுதான்."

மூன்றாவது தடவைக்குப் பெரியப்பாவின் பிரையரை எடுத்தேன். நிரப்பினேன். தீக்குச்சியையும் கிழித்தேன். அது விரல்வரை எரிந்து அணைந்தது. பற்றவைக்கவில்லை. பைப்பைத் துடைத்து அண்ணாவிடமே கொடுத்துவிட்டேன்.

மீதிப் பையை மேஜை டிராயரில் வைத்திருந்தேன், பூட்டாமல். ஞாயிற்றுக்கிழமை என் பையன் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு, "அப்பா, இது கேக்ல போடறதா? ருசி பாக்கட்டுமா?" என்றான். விரல் ஏற்கெனவே பைக்குள் இருந்தது.

பிடுங்கி, சமையலறைத் தொட்டியில் கொட்டி, தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, நாலு பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன். தண்ணீர் பட்டதும் வாசனை இன்னும் தூக்கலாகக் கிளம்பிச் சாயங்காலம்வரை வீட்டில் நின்றது. "பாயசம் வெச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மனைவி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாள்.