மூன்றுக்கு ஒன்று

கேரம் பார்ப்பவர்களின் கண் பெரும்பாலும் குழியை நோக்கி ஓடும் காயின் பின்னாலேயே போய்விடுகிறது. ஆனால் இந்த ஆட்டத்தின் நுட்பம் காயைவிட, அடித்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரைக்கரிடம்தான் அதிகம் என்பேன். காரணம் எடை. போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. காய் 5 முதல் 5.5 கிராம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. பில்லியர்ட்ஸில் பந்துகள் எல்லாம் ஒரே எடை என்பதால், சுழற்சியின்றி நேராக மோதும் பந்து தன் உந்தம் முழுவதையும் எதிர்ப்பந்திடம் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கேரமில் ஸ்ட்ரைக்கர் ஒற்றைக் காயை அடித்து அப்படி நிற்க வழியில்லை. எடையும் வேகமும் சேர்ந்த பெருக்கமே உந்தம். மோதலுக்கு முன்னும் பின்னும் அதன் மொத்தம் ஒன்றுதான். இழப்பில்லாத நேர் மோதலில் காய், ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல் ஒன்றரை மடங்கில் பாயும். ஸ்ட்ரைக்கர் பாதி வேகத்தில் அதே திசையில் பின்தொடரும்.

அந்த மிச்ச உந்தத்தை என்ன செய்வது என்பதில்தான் ஆட்டக்காரரின் தரம் தெரிகிறது. சறுக்கிச் செல்லும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே மூன்று மடங்கு வேகம் பெற்ற காய், தடையில்லாவிட்டால், ஸ்ட்ரைக்கரைவிட ஒன்பது மடங்கு தூரம் போகும். காய் குழியை எட்டத் தேவையான வேகத்தில் மட்டும் அடித்தால் ஸ்ட்ரைக்கர் அந்தத் தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கிலேயே ஓய்ந்துவிடும். அதைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் அடித்தால், காய் விழுந்த குழியிலேயே ஸ்ட்ரைக்கரும் விழுந்து ஃபைன் கட்ட வைக்கும். நேர்க்கோட்டில் நிற்கும் சுலபமான காயில் புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இதனால்தான். கட் அடித்தாலும் முழுத் தப்பில்லை. ஓய்ந்திருக்கும் ஒற்றைக் காயை எந்த விளிம்பில் தொட்டாலும், இந்த எடை விகிதத்தில் ஸ்ட்ரைக்கர் தன் பாதையிலிருந்து சுமார் இருபது பாகைக்கு மேல் விலகாது. காயும் காயும் மோதும்போதோ எடை சமம். நேராக மோதினால் முதல் காய் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சாய்வாக மோதினால் இரண்டும் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் பிரிகின்றன. ஒரே பலகையில் இரண்டு வகை மோதல்கள்! காம்பினேஷன் அடிப்பவர் இரண்டையும் ஒரே விரல் சுண்டலில் கணித்தாக வேண்டும்.

எப்படியும் அடுத்த அடிக்கு ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்து அடிக்கோட்டில் வைக்கப்போகிறோம், அது எங்கே நின்றால் என்ன என்று கேட்கலாம். ஸ்ட்ரைக்கரைத்தான் எடுத்து வைக்க முடியும், காய்களை முடியாது. காயைக் குழிக்கு அனுப்பிய கையோடு ஓர் ஆட்டக்காரர், மிச்சமுள்ள வேகத்தில் ஒட்டிக் கிடக்கும் கூட்டத்தைப் பிரித்துத் தன் அடுத்த காய்க்கு வழி திறந்துகொள்கிறாரே, அந்த அடியைத்தான் கேரமின் உச்சமாக நான் மதிக்கிறேன். எதிராளியின் காயைத் தெரியாமல் குழிவாயில் தள்ளிவிட்டால் அதே மிச்சம் ஆட்டத்தையே பறித்துவிடும். வெறும் காய் விழுவதைப் பார்த்துக் கைதட்டுபவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

உராய்வும் ‘டக்’கென்ற சத்தமும் இருக்கும் பலகையில் இந்தக் கணக்கு எப்படிச் செல்லும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. சத்தத்தோடு போவது ஆற்றல். உந்தத்தின் கூட்டுத்தொகை அதனால் குறைவதில்லை, பங்கீடுதான் மாறுகிறது. இரண்டும் விலகும் வேகம், நெருங்கிய வேகத்தில் ஐந்தில் நான்கு பங்காகக் குறைந்தால், காய்க்கு 1.35 மடங்கும் ஸ்ட்ரைக்கருக்கு 0.55 மடங்கும் கிடைக்கும். 15 கிராமையும் 5 கிராமையும் வைத்துக் கூட்டிப் பாருங்கள், பழைய தொகையே வரும். ஸ்ட்ரைக்கரின் பங்கு கூடுவதால் ஃபைன் அபாயமும் கூடுகிறது. உராய்வோ, மோதல் நடக்கும் நொடிக்கும் சிறிய பொழுதில் பொருட்படுத்தும்படி எதையும் செய்ய முடியாது; அதன் வேலை பிறகுதான். பலகையில் தூவும் பவுடர் அந்தப் பிறகான ஓட்டத்தை நீட்டுகிறது.

சென்னையின் கேரம் ஆட்டக்காரர் மரிய இருதயத்துக்கு 1996இல் அர்ஜுனா விருது கிடைத்த பின்னும் கேரமை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: நல்ல ஆட்டக்காரர் ஒருவரின் ஒரு போர்டு முழுவதும், காயை விட்டுவிட்டு ஸ்ட்ரைக்கரை மட்டும் கவனியுங்கள்.