ஆக்டேவியாவை எங்கே நின்று வரைவது?

நண்பரின் மகள் ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இலக்கியத்தில் வரும் கற்பனை நகரங்களைப் படமாக்க வேண்டும் என்பது இந்தப் பருவத்துக்கான செய்முறை வேலை. அவள் எடுத்துக்கொண்டது இத்தாலோ கால்வினோவின் 'புலப்படாத நகரங்கள்'. ஆறு தாள் வரைந்து முடித்துவிட்டு, "மாமா, நீங்கதான் எப்பப் பாத்தாலும் இந்தப் புத்தகத்தைப் பத்திப் பேசுவீங்களே, பாத்துச் சொல்லுங்க" என்று படம் பிடித்து அனுப்பியிருந்தாள். நான் அவளுக்கு எழுதியதையும் அவள் திருப்பிக் கொடுத்ததையும் கொஞ்சம் விரித்து இங்கே போட்டு வைக்கிறேன்.

1972-ல் வந்த புத்தகம். மார்க்கோ போலோ குப்ளாய் கானிடம் 55 நகரங்களை விவரிக்கிறான். எல்லாவற்றுக்கும் பெண் பெயர்கள். இதை வரைந்து பார்க்காத கலை மாணவர்களோ கட்டடக்கலை மாணவர்களோ குறைவு என்றுதான் தோன்றுகிறது, இணையத்தில் தேடினால் அவ்வளவு கிடைக்கும். ஆனால் நான் பார்த்தவரை திரும்பத் திரும்ப அதே நாலைந்து ஊர்தான். வலையில் தொங்கும் ஆக்டேவியா, சுவரும் தரையும் இல்லாமல் தண்ணீர்க் குழாய்கள் மட்டும் நிற்கும் அர்மில்லா, காய்ந்த நிலத்தில் உயரமான கால்கள் மேல் நிற்கும் செனோபியா, நூல் கட்டிய எர்சிலியா. காரணம் எளிது, இவற்றைக் கால்வினோவே பாதி வரைந்து கொடுத்துவிட்டார். சைராவை எடுங்கள் பார்ப்போம். விளக்குக் கம்பத்தின் உயரம், அதில் தொங்கவிடப்பட்டவனின் கால் தரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது போன்ற அளவுகளுக்கும், அங்கே நடந்து முடிந்தவற்றுக்கும் உள்ள உறவுதான் அந்த ஊர். அதைத் தாளில் எங்கிருந்து தொடங்குவது?

சரி, அவளுடைய ஆக்டேவியாவுக்கு வருகிறேன். கோடு சுத்தமாக இருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது. இரண்டு செங்குத்து மலைகள், நடுவே பாதாளம், கயிறும் சங்கிலியுமாக ஒரு வலை, அதன் கீழே புள்ளி புள்ளியாக வீடுகள். எல்லாம் தூரத்தில் இருந்து. நான் பார்த்த ஆக்டேவியாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. பார்ப்பவன் எதிர்மலையில் பத்திரமாக நிற்கிறான். ஆனால் எழுத்தில் நடப்பது வேறு. அங்கே குறுக்குக் கட்டைகளில் கால் வைத்து, இடைவெளியில் மிதித்துவிடாமல் நடக்கிறோம். அடுத்து வருவது ஒரு சாமான் பட்டியல்: கயிற்றேணி, தூளி, துணி மாட்டும் கொக்கி, குழந்தைகள் ஆடும் வளையம், கொடி தொங்கும் பூந்தொட்டி. மேலே எழும்ப வேண்டியதெல்லாம் கீழே தொங்குகிறது. கடைசியில்தான் விஷயம்: இந்த வலை இவ்வளவு நாள்தான் தாங்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அதனாலேயே மற்ற ஊர்க்காரர்களைவிட அவர்களுக்கு நிச்சயமின்மை குறைவு. எதிர்மலையில் நிற்பவனுக்கு ஊரின் அதிசயம் தெரியும், இந்த நிதானம் தெரியாது. அதைக் காட்ட ஒரு துணிக் கொக்கி போதும்.

தூரத்துப் பார்வை குப்ளாய் கானின் பார்வை. அவரிடம் அட்லஸ் இருக்கிறது, சதுரங்கப் பலகை இருக்கிறது, ஊர்களுக்குப் போவது மட்டும் கிடையாது. போலோ நடந்து போனவன். மொழி தெரியாத ஆரம்ப நாட்களில் அவன் சைகை செய்கிறான், துள்ளுகிறான், மூட்டையிலிருந்து பொருட்களை எடுத்துக் கானின் முன் பரப்புகிறான். இந்தப் புத்தகத்துக்கு முதன்முதலில் படம் போட்டவன் அவனேதான் என்று சொல்லத் தோன்றுகிறது. பிறகு வார்த்தைகள் கைவந்து பேச்சு துல்லியமானதும், இருவருக்கும் நடுவே பழைய சந்தோஷம் இல்லாமல் போகிறது. படம் வரைகிறவர்கள் அந்தப் பக்கங்களை இரண்டு முறையாவது படிக்க வேண்டும்.

(பிரானேசியின் கற்பனைச் சிறைச்சாலைகள் நினைவுக்கு வருகின்றன. 1750 வாக்கில் 14 செதுக்கோவியங்களாக வந்தவை, 1761-ல் இன்னும் இருட்டாக்கி 16 ஆக்கினார். அவற்றில் நம்மைக் கீழே நிறுத்தி அண்ணாந்து பார்க்க வைக்கிறார். அவரும் வெனிஸ் பக்கத்துக்காரர்தான்.)

தூரமே பொருளாகிற ஊரும் உண்டு. ஐரீன் அப்படி. மேட்டுநில விளிம்பிலிருந்து, விளக்கேற்றும் நேரத்தில் எட்டிப் பார்த்தால் தெரிகிற ஊர். உள்ளே எப்படி இருக்கும் என்று கான் கேட்கிறார், போலோவால் சொல்ல முடிவதில்லை. கிட்டப் போனால் அது வேறு ஊர், வேறு பெயர். தூரத்திலிருந்துதான் வரைவேன் என்றால் ஐரீனை வரை, ஆறு தாளையும் அப்படி வரையாதே என்று கொஞ்சம் கடுமையாகவே எழுதிவிட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. "மத்ததெல்லாம் ஒத்துக்கறேன் மாமா. ஆனா எர்சிலியாவை நீங்க சரியாவே பாக்கலை. ஊரை விட்டுப் போனவங்க மலைச்சரிவுல தட்டுமுட்டுச் சாமானோட உக்காந்து திரும்பிப் பாக்கறாங்கல்ல, அவங்க பக்கத்துல உக்காந்து வரைஞ்சது அது."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் பாறை என்று நான் நினைத்ததெல்லாம் முதுகுகளும் மூட்டைகளும். எர்சிலியாவில் உறவுக்கு ஏற்ப வீட்டுக்கு வீடு நூல் கட்டுவார்கள். இரத்த உறவு, வியாபாரம், அதிகாரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நூல் பெருகி நடக்க வழியில்லாமல் போனதும் வீடுகளைப் பிரித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், நூலும் அதைத் தாங்கும் கம்பங்களும் மட்டும் நிற்கும். அதைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு எந்த நூல் யாருடையது என்று தெரியும். கானின் தூரம் வேறு, இவர்களுடைய தூரம் வேறு. என் விதிக்குள் இது அடங்கவில்லை, அவள் சொன்னதுதான் சரி. எழுதி ஒப்புக்கொண்டேன்.

ஒரே ஒரு குறை மட்டும் சொன்னேன். நூல்கள் அத்தனையும் ஒரே கறுப்பு மையில் இருக்கின்றன. "அவ்ளோ தூரத்துல நிறம் எப்படி மாமா தெரியும்?" என்றாள். கட்டினவங்களுக்குமா தெரியாது என்று கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் இல்லை. ஆக்டேவியாவைத் திரும்பத் தொடங்கியிருக்கிறாள், முதல் கோட்டுப்படம் மட்டும் நேற்று வந்தது: ஒரு துணிக் கொக்கி, அதில் ஈரம் காயாத ஒரு சட்டை.